எங்கள் ஊர் ராஜாவுக்குத் தனி விலை

கல்யாணமான புதிதில் என் கணவர் என்னோடு பேசியதை எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். கோபமோ வெறுப்போ இல்லை, சுபாவமே அப்படி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், ஒரு ஒப்பந்தக்காரரிடம் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டில் சத்தமில்லாமல் இருப்பதுதான் ஓய்வு. நானோ பெரம்பலூரில், வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் எல்லாம் டிசைன் செய்து கொடுத்தவள். வாயாடி. ஆள் கிடைக்காவிட்டால் சுவரோடாவது பேசிவிடுவேன். அந்த வீட்டில் ரொம்ப நாள் சுவரோடுதான் பேசினேன்.

பாகங்களை வாங்கி அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்த கடைக்காரர், "சும்மா இருக்கட்டும்மா" என்று நாலைந்து விளையாட்டுகளையும் உள்ளே போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாம் எங்கிருந்தோ காப்பி அடித்தவைதான். அப்போது எங்கள் ஊரில் விளையாட்டுக்குக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. அதில் ஒன்று ராஜ்ஜியம் நடத்தும் ஆட்டம். நமக்கென்று ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுத்து, வயல் போட்டு, குளம் வெட்டி, கோட்டை கட்டி, படை சேர்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி ஆடலாம். ஒருவர் முடித்ததும் திரை மூடிக்கொண்டு, இரண்டாம் ஆட்டக்காரரின் முறை என்று காத்திருக்கும்.

பத்திரிகை வேலை இல்லாத ஒரு திங்கட்கிழமை நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். அவருக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"அங்க ஏன் கோட்டை கட்டுற? அந்தப் பக்கம் தண்ணியே இல்லியே" என்றார்.

அவராக வாயைத் திறந்து எனக்குச் சொன்ன முதல் யோசனை அதுதான். உடனே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு நேராக அந்த நாற்காலிக்குத்தான் வருவார். ஆட்டத்துக்கு நடுவே, கண் திரையில் இருக்க, வாய் வேறு எதையாவது சொல்லும். சின்ன வயதில் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு விரல் தோலெல்லாம் வெந்து உரிந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியது. அவர் ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம்; பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பெரிய கோயில் மதில் நிழலில் கோலி ஆடியது. எதிரில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இதில் ஒன்றையும் சொல்லியிருக்க மாட்டார். இந்த ஆட்டம் நின்றுபோனால் நாங்கள் இரண்டு பேரும் என்ன பேசுவோம் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. வெளியே சொல்ல வெட்கம். ஆனால் பயம் நிஜம்.

அந்த ஆட்டத்தில் உலகத்து ராஜாக்கள் எல்லாரும் இருந்தார்கள். இரும்புச் சட்டை போட்டவர்கள், குதிரையில் பனிக்காட்டைத் தாண்டுகிறவர்கள். நம் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. பிரவுசிங் சென்டரில் மெயில் பார்க்கப் போன ஒரு நாள் விளம்பரம் கண்ணில் பட்டது. அதே ஆட்டத்துக்குப் புதுப் பகுதி வந்திருக்கிறது. தென்னாட்டு ராஜா ஒருவர் வருகிறார். யானைப் படை, கப்பல், ஏரி எல்லாம் உண்டு. ஆனால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அன்று சாப்பாட்டில் கை வைத்திருந்தவரிடம் சொன்னேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"எந்த ராஜா?"

"படத்தப் பாத்தா கங்கை வரைக்கும் போயிட்டு வந்தவரு மாதிரிதாங்க இருக்கு."

"எங்க ஊரு ராஜா" என்றார். அப்புறம் சோற்றைப் பிசைந்தபடியே, "எங்க ஊரு ராஜாவ எங்கிட்டயே விக்கிறானா?" என்றார்.

எனக்கும் எரிச்சல்தான். ஊரான் ராஜாவெல்லாம் ஆட்டத்தோடு வருவானாம், நம்முடைய ராஜாவுக்கு மட்டும் தனி விலையாம். வீட்டை விற்றுவிட்டு வாசற்படிக்குத் தனியாகக் காசு கேட்பது போல இருந்தது. ஆனாலும் முழுசாகத் திட்ட மனசு வரவில்லை. நான் ராத்தூக்கம் கெட்டு வரைந்த மயில் பார்டரை, மாதிரிக்கு என்று வாங்கிப்போய் வேறு கடையில் அச்சடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அந்த யானையையும் யாரோ ஒரு பெண், கண் வலிக்க வலிக்க, எங்கோ உட்கார்ந்து வரைந்திருப்பாள். இந்த ஒன்றையாவது முறையாக வாங்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் திருச்சிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, அந்தப் பெட்டியை வாங்கினோம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இதுல எது முக்கியம்?" என்று கேட்டார்.

உள்ளே சிடி வைத்திருந்த காகித உறையைக் காட்டினேன். அதன்மேல் சின்ன ஸ்டிக்கரில் இரண்டு வரியாக எழுத்தும் எண்ணும் கலந்து அச்சாகியிருந்தது. "இந்த நம்பர்தாங்க. இது இல்லாட்டி எதுவும் ஓடாது."

சிறுவாச்சூர் வந்ததும், "எறங்கு" என்றார். அங்கே காளி கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அன்று திங்கள். எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் சாவியை அர்ச்சனைத் தட்டில் வைத்து அம்மன் காலடிக்கு அனுப்பாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். நான் செருப்பை விட்டுவிட்டு வருவதற்குள், அவர் பெட்டியைத் திறந்து, சிடியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எது முக்கியம் என்று நான் சொன்னேனோ அந்த உறையைத் தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்துப் பூசாரி கையில் கொடுத்துவிட்டார்.

தட்டு திரும்பி வந்தபோது உறை தேங்காய்த் தண்ணீரில் ஊறியிருந்தது. ஸ்டிக்கர் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், அதற்கு மேல் ஒரு எலுமிச்சம்பழம். பூசாரி குறை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். சந்தனத்தோடு மையும் வந்தது. மேல் வரி தப்பியது. கீழ் வரி இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு கறைதான் இருந்தது.

ஆட்டத்தை ஏற்றியதும் தென்னாட்டு ராஜா வரிசையின் கடைசியில் நின்றார். சாம்பல் நிறத்தில், நெஞ்சில் ஒரு பூட்டோடு. நம்பரைக் கேட்டது.

"நாந்தான் கெடுத்துட்டேன்" என்றார் அவர். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வாய்வரை வந்த திட்டை அப்படியே விழுங்கிவிட்டேன்.

பெட்டியையும் பில்லையும் அந்த உறையையும் ஸ்கேன் செய்து கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். பதில் வந்தது. எங்களைப் போன்ற வாடிக்கையாளர்கள் அவர்களுக்குப் பொக்கிஷமாம். ஆனால் நம்பர் இல்லாமல் எதுவும் செய்ய இயலாதாம். மறுபடி ஒன்று வாங்கிக்கொள்ளலாமாம். பெட்டி எங்களிடம் இருக்கிறது, பில் இருக்கிறது, சிடி இருக்கிறது, காசு அவர்களிடம் இருக்கிறது, பிறகென்ன என்று இன்னொரு மெயில் போட்டேன். எழுத்து மாறாமல் அதே பதில் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் கதையில் பூசாரி பாவம், நல்லவர். கடல் தாண்டி உட்கார்ந்திருந்தவன்தான் கொடுக்கவில்லை. காப்பி அடித்த ஆட்டம் ஒரு நாளும் என்னை நீ யார் என்று கேட்டதில்லை. காசு கொடுத்து வாங்கியதுதான் வாசலில் நிறுத்திவைத்துக் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அதில்தான் பிழைப்பு என்பதால் விட்டேன்.

பிறகு சாயங்காலமெல்லாம் கீழ் வரியை ஊகித்துப் பார்ப்பதே எங்கள் ஆட்டமாகிவிட்டது. எங்கள் கல்யாணத் தேதியைப் போட்டோம். அவருடைய பொக்லைன் நம்பரைப் போட்டோம். அரியலூர் போகும் பஸ்ஸின் நம்பரைக்கூட விடவில்லை. நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவர் சத்தமாகச் சொல்ல, நான் தட்ட, அது தப்பு என்று மணி அடிக்க, இரண்டு பேரும் சிரிப்போம். அவர் சிரித்தால் ஒரு பக்கக் கன்னத்தில் குழி விழும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த வருஷக் கடைசியில் ஒப்பந்தக்காரருக்கு வேலை முடிந்துபோனது. இவர் ஓமனுக்கு, அங்கேயும் ஒரு கல் சுரங்கத்துக்கு, பொக்லைன் ஓட்டப் போனார். நான் பயந்தது நடந்தது. போனில் "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேங்க, நீங்க?" என்பேன். "ம்" என்பார். அப்புறம் கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்கும். கடல் தாண்டி ஒரு மௌனத்துக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தோம். போனை வைத்துவிட்டு அந்த இரண்டாவது நாற்காலியில் பத்திரிகைக் கட்டுகளை அடுக்குவேன். காலியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் போனை எடுத்ததும், "கம்ப்யூட்டரப் போடு" என்றார்.

"எதுக்குங்க?"

"போடு, சொல்றேன்."

அங்கிருந்த இன்ஜினியர் ஒருவரிடம் தன் கூலியைக் கொடுத்து, அவருடைய கார்டில் அந்த ராஜாவை இரண்டாம் தடவையாக வாங்கியிருந்தார். எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். "கே... கே தெரியுதா, கங்கைக்குப் போடுவமே அது இல்ல, காளிக்குப் போடுவமே, அந்தக் கே." நான் அழுதுகொண்டே தட்டினேன். வீட்டுக்கே இணையம் வந்துவிட்டிருந்த சமயம் அது; நம்பரை இணையத்தில் பதிந்துகொண்டு பூட்டு கழன்றது. சாம்பல் நிறம் போய் ராஜா பொன்னாக நின்றார். யானை ஒன்று தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது போனுக்குள் அவருக்கும் கேட்டது.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாருங்க."

அன்றைக்கே புது ஆட்டம் தொடங்கினேன். அவருக்கு அவர் ஊர் ராஜா, எனக்கு ஒரு பனிநாட்டு ராணி. என் முறையை ஆடி முடித்தேன். திரை மூடிக்கொண்டு, இரண்டாம் ஆட்டக்காரரின் முறை என்றது. அதை அப்படியே பத்திரமாகச் சேமித்து, சிடியிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். போனில் இப்போது பேச்சு இருந்தது. ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, நான் எங்கே கோட்டை போட்டேன், மலைக்கும் அவர் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று கிளறிக் கிளறிக் கேட்பார். "நீங்க என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க, நானே உங்களுக்கு ஆடிடறேன்" என்றால், "வந்து ஆடிக்கிறேன்" என்பார். நடுவில் ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கி என் கம்ப்யூட்டர் எரிந்தது. புதிது வாங்கினேன். சிடியில் பிரதி இருந்ததால் அந்த ஆட்டத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

ஒப்பந்தம் முடிந்து அவர் வந்தார். வந்த மறுநாளே குளித்துவிட்டு முன்னறைக்கு வந்து, நாற்காலியில் இருந்த பத்திரிகைக் கட்டுகளைக் கீழே இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஆட்டத்தைப் புது கம்ப்யூட்டரில் ஏற்றி, அவர் ஓமனிலிருந்து சொன்ன நம்பரைத் தட்டினேன். அது இணையத்தில் போய் விசாரித்துவிட்டு வந்தது. இந்த நம்பர் ஏற்கெனவே வேறொரு கம்ப்யூட்டரில் பயன்பட்டுவிட்டது என்றது. வேண்டுமென்றால் மறுபடி வாங்கச் சொன்னது. ராஜா வரிசையின் கடைசியில் சாம்பலாக நின்றார். ராஜா பூட்டிக் கிடந்ததால் நான் சேமித்து வைத்திருந்த ஆட்டமும் திறக்க மறுத்தது.

நான் வெடித்துவிட்டேன். "ரெண்டு தடவ காசு வாங்கிட்டானே! வெயில்ல கல்லு வெட்டுன காசு! நாசமாப் போறவன், ஒங்க மொறையையே தூக்கிட்டுப் போயிட்டானே!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை, அழுகை அழுகையாக வந்தது.

அவர் திரையிலிருந்து திரும்பினார். பிறகு குனிந்து, அச்சில் கெட்டுப்போன பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பினார். என் மேஜையில் இருந்த பேனாவால் ஒரு ஆறு வரைந்தார். நான் போனில் சொன்ன அதே வளைவு. மலை வரைந்தார். என் கோட்டையை வரைந்தார். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

"யானையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "மொதல்ல ஏரி வெட்டணும். அங்க குவாரியில உக்காந்துக்கிட்டு தெனம் இதத்தான் யோசிப்பேன். ஆத்துத் தண்ணிய இப்படி மறிச்சு, இங்க ஒரு மதகு. ஒன் கோட்டைப் பக்கம் தண்ணியே இல்ல, அப்பவே சொன்னேன், நீ கேக்கல. அதனால ஒரு வாய்க்கால ஒம் பக்கம் விட்டுடறேன்."

பேசிக்கொண்டே போனார். ஏரிக்கரையில் என்ன மரம், எந்தப் பக்கம் ஊர், எங்கே முந்திரி என்று அவர் சொல்லச் சொல்ல நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். வாயாடி நான் வாயைத் திறக்கவே இல்லை. தாளில் இடம் தீர்ந்ததும் பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ம், ஒன் மொறை" என்றார்.