தொமியே பக்கத்து டயர்

சோமா யசுகிச்சி வாயடைத்துப் போனார். இப்படி ஒன்று நடக்கும் என்று ஊரில் யாரும் நினைத்ததில்லை. ஆப்பிள் குளிர்கிடங்கில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்த மனிதர், எழுபத்தொரு வயது, எதற்கும் கையில் ஒரு அபிப்பிராயம் தயாராக வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர் சிஹாருவின் டயர் கடைத் தரையில் குந்தியபடி பேச வாயெழாமல் இருந்தார்.

அவரை அங்கே கொண்டுவந்தது இடுப்புப் பிடிப்பு. மற்ற வருஷங்களில், ஏப்ரலில் பனி கரைந்ததும் பனிக்கால டயர்களைக் கழற்றிக் கோடை டயர்களை அவரே மாட்டிவிடுவார். கழற்றிய டயர்களை ஊரார் சிஹாருவின் இருட்டுக் கிடங்கில் விட்டுவைப்பார்கள். "டயருக்குச் சத்திரமா? குளியல், சாப்பாடு எல்லாம் உண்டா?" என்று அவளைச் சீண்டாமல் அந்த வழியாகப் போகமாட்டார்.

சிஹாரு முதலில் அவர் காரின் முன் இடது சக்கரத்தைக் கழற்றினாள்.

"என்னங்க ஐயா, புது மாப்பிள்ளை மாதிரி மினுக்குது!"

"ஞாயித்துக்கிழமை தவறாம எண்ணெய் பாலிஷ் போடுறேன்ல."

அவள் துணியால் பாலிஷை அழுத்தித் துடைத்தாள். காற்றை இறக்கி, முழங்காலைக் கொடுத்து டயரின் பக்கவாட்டை வளைத்தாள். வழவழவென்று இருந்த ரப்பரில் வரிசையாக விரிசல்கள் வாய் பிளந்தன. ஒன்றில் அவளுடைய நகமே உள்ளே இறங்கியது. அடியில் டயருக்குள் நெய்த வெள்ளை நூல் தெரிந்தது.

"ஐயோ! இதுலயா மலைப்பாதையில போய்ட்டு வர்றீங்க?"

"மேல இருக்கிற தடக்கோடு ஆழமாத்தானே இருக்கு!"

"தடம் இருந்து என்ன பண்ண, ரப்பர் செத்துப்போச்சே. இந்த நாலு எண்ணைப் பாருங்க, 2615. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல இருபத்தாறாவது வாரம் செஞ்சது. பத்து வருஷமாகுது."

"நான் அதை மாடல் நம்பர்னுல்ல நெனச்சேன்..."

"கழட்டினப்புறம் எங்க வைப்பீங்க?"

"பாய்லர் அறையில. போர்வை போத்தி."

சிஹாரு தலையில் கை வைத்துக்கொண்டாள். "சூடு, வெயில், மோட்டார் ஓடுற இடம், மூணுமே ஆகாது. கண்ட எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும், விரிசலையும் மூடி மறைச்சுரும். தண்ணியில கழுவி, காயவச்சு, இருட்டா குளுமையா வச்சிருந்தா போதுமே, ஐயா."

குளிர் போதுமாம்! அந்தக் கிடங்குக் குளிரில் முப்பது வருஷம் அவர் கை பாளம் பாளமாக வெடித்தது. மனைவி தொமியேதான் தினமும் கணப்பருகே உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். வெடிப்புக்கு மருந்து சூடும் எண்ணெயும்தான் என்று அவர் தீர்மானமாக நம்பினார். அந்த வைத்தியத்தையே டயருக்கும் செய்தார்.

தொமியேவுக்குச் சிறுநீரகம் பழுதாகி ஒரு வருஷமாகிறது. ரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் மூன்று நாள் மலையைத் தாண்டி நகரத்துக்குப் போகவேண்டும். ஆஸ்பத்திரி வேன் வீட்டுக்கே வரும். "முன்பின் தெரியாதவன் வண்டியில என் பொண்டாட்டியா?" என்று அதைத் துரத்திவிட்டு அவரே ஓட்டிப் போனார். நேற்று முன்தினம் வளைவுகளில் இறங்கும்போது கூட, அவள் இடது ஜன்னலில் தலை சாய்த்து அசந்து தூங்கினாள். இந்த டயருக்கு நேர் மேலே.

சிஹாரு மற்ற மூன்றையும் கழற்றி வளைத்துப் பார்த்தாள். "எல்லாமே வெடிச்சிருக்கு. ஆனா இது மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?"

அவருக்குக் காரணம் தெரியும்.

உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த தொமியே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஆச்சா? ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது." தரையில் கிடந்த டயரைப் பார்த்துச் சிரித்தாள். "அட, என் டயர்! தெரியுமா சிஹாரு? வருஷா வருஷம் இதுல சாக்பீஸால என் பேரை எழுதி, பாய்லரை ஒட்டினாப்புல வைப்பார். கதகதப்பான இடம் எனக்குத்தானாம்."

சிஹாரு தலையைக் குனிந்துகொண்டாள்.

யசுகிச்சி மெல்ல எழுந்தார். "டிக்கியில இருக்கிற கோடை டயரையும் மாட்டாத, சிஹாரு. குளிர்காலம் பூரா அதுகளும் அங்கதான் கிடந்துச்சு. ஆஸ்பத்திரி வேனை வரச் சொல்லு."

தொமியேவுக்கு ஒன்றும் புரியவில்லை. "முன்பின் தெரியாதவன் வண்டியிலயா?"

"ஆமா," என்றார். "நல்லவேளை, அவன் டயருக்கு என்னைத் தெரியாது."