பதிலுக்கு விட்ட ஒரு நிமிடம்

என் கணவர் இறந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்த பிறகும், கணவனை இழந்தவள் துக்கம் காக்கும் இத்தா இருக்க நான் மறுத்தேன். அந்த ஆறு மாதங்களைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன், சகோதரிகளே. பேய்க் கதை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. பத்து வருடம் புவியியல் நடத்தியவள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. என் கணவர் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தார். ஆனி மாதம் சாம்பிள் பெட்டியுடன் வடக்கே ஆர்டர் பிடிக்கப் போனார். மலைப்பாதையில் பஸ் ஆற்றுக்குள் விழுந்தது என்றும், பாதிப் பேரை ஆறு கொண்டுபோய்விட்டது என்றும் தகவல் வந்தது. லாட்ஜிலிருந்து அவருடைய பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்தேன். கஞ்சி போட்ட துணி வாசம் வந்தது. அன்றைக்கு அழுத அழுகையை இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வெளியே வேலை தேடினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அஞ்சல் வழிப் பட்டப்படிப்புக்கு ஒரு மையம் தொடங்கினார்கள். பாடம் தபாலில் போகும், கேசட்டில் போகும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வகுப்பு. அதற்கு ஆசிரியர் எடுத்தார்கள். ஐப்பசியில் மதுரையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் சொன்ன விதிகள் மூன்று எனக்கு மனப்பாடம். கேசட்டில் பேசும்போது எதிரே ஒரு காலி நாற்காலி போட்டு, அதில் ஒரே ஒரு மாணவர் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவர் பதில் சொல்ல முழுசாக ஒரு நிமிடம் விட வேண்டும், அந்த நிமிடத்தை எதைக் கொண்டும் நிரப்பக் கூடாது. மாணவர் எழுதி அனுப்பும் விடைத்தாளைக் கடைசி வரி வரைக்கும் நாமே படித்துக் குறிப்பு எழுத வேண்டும். காலி நாற்காலியோடு பேசச் சொல்கிறார்களே என்று பின்வரிசையில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கார்த்திகையில் ஒலிப்பதிவு. மையத்தின் பழைய ஆய்வுக்கூடம் ஒன்றில் ஜன்னலை எல்லாம் அடைத்து, எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்கக் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். நண்பகலிலும் ஒரே இருட்டு. ஒரு மேஜை விளக்கு, மைக், எதிரே காலி நாற்காலி. அதற்கு ஒரு கால் நொண்டி. ஆடாமல் இருக்கத் தீப்பெட்டியை மடித்து நானே அடியில் சொருகினேன். பதிவு செய்கிற சுப்பையா அண்ணன் அடுத்த அறையில் மெஷினோடு இருப்பார்.

என் கைக்கடிகாரம் ஓடவில்லை. நிமிடத்தை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, இறைவன் பெயரை எண்ணி ஓதும் திக்ருதான். ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொண்டு, விரல் கணுக்களைத் தொட்டு எண்ணி, மனசுக்குள் 'யா ஜாமிஉ' என்று ஓதினேன். பிரிந்தவர்களை ஒன்று சேர்ப்பவனே என்று அர்த்தம். மாணவருக்கு விட்ட நிமிடத்தில் என் துஆவை, என் வேண்டுதலை நுழைத்தது விதிப்படி குற்றமோ என்னவோ. உதடு கூட அசையவில்லை.

மூன்றாவது கேள்வி இதுதான். "தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம், மழை மறைவில் இருக்கும் ஓர் ஊரைச் சொல்லுங்கள்." கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். பாதி எண்ணியிருப்பேன், எதிரே நாற்காலி கிரீச்சென்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. கஞ்சி போட்ட துணி வாசம் மட்டும் வந்தது. பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் எண்ணி முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

சுப்பையா அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர், உள்ள வேற யாரு இருந்தாவ?"

"யாரும் இல்லண்ணே."

"நாற்காலில ஆள் அசைஞ்ச சத்தம் டேப்புல விழுந்திருக்கு. செத்த நேரம் இருங்க, அழிச்சிட்டு மறுபடி எடுத்திருவோம்."

"வேண்டாம்ண்ணே. இருக்கட்டும்."

எதற்காக வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தச் சத்தத்தோடேயே கேசட் பிரதி எடுக்கப்பட்டுத் தபாலில் போனது.

மார்கழியில் வீட்டில் நெருக்கடி முற்றியது. மாமி, அதாவது என் கணவரின் அம்மா, என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற தாய் அவர். அவருடைய வலியும் எனக்குப் புரிந்தது.

"ஏட்டி சபுரா, எம்புட்டு நாளைக்கு இப்படி இருப்ப? எம்புள்ள போயிட்டான். இத்தாவ இருந்து முடிச்சிரு. அவனுக்கும் பாத்திஹா ஓதணும்ல?"

"மையித்தப் பாத்தியளா மாமி?"

"ஆத்துல போன ஒடம்ப எங்க போய்ப் பாக்க?"

முதல் தவணை விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு இத்தா இருக்கிறேன் என்று கெடு வாங்கினேன். தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். வெள்ளைச் சேலை வாங்கி வந்து அலமாரியில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நான் அதை உடுத்திவிட்டால் அவர் செத்தவர்தான். அந்தச் சேலையைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

முந்தின நாள் வியாழக்கிழமை, நண்பகல் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். அன்றைய தொழுகையில் அல்லாஹ்விடம் கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். 'இருக்கிறாரா இல்லையா, ஒன்றைச் சொல்' என்றேன். பிறகு விடைத்தாள்களை இழுத்தேன். அலுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டுத் தள்ளிவிடலாமா என்றும் தோன்றியது. கடைசி வரி வரைக்கும் படி என்ற விதிதான் தடுத்தது. இருபது தாள் தாண்டியிருக்கும். பதிவு எண் மட்டுமே தெரிந்த ஒரு மாணவரின் தாள். மூன்றாம் கேள்விக்கு 'ராஜபாளையம்' என்று எழுதி, தாளின் அடியில் பொடி எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்.

"அம்மா, மூன்றாவது விடை என்னுடையது அல்ல. அதற்கு மார்க் வேண்டாம். நான் ராஜபாளையம் பக்கத்துத் தேவதானத்துக்காரன். வடக்கே ராணுவ ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். பஸ் விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர் இங்கே ஆறு மாதமாகக் கிடக்கிறார். பேர் தெரியாது. கண் திறந்ததில்லை, பேசியதில்லை. தமிழர் என்றே எங்களுக்குத் தெரியாது. உங்கள் கேசட்டை அவர் கட்டில் பக்கத்தில் போட்டுவிட்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேள்வி கேட்டு நிறுத்தினீர்கள். நாற்காலிச் சத்தம் கேட்டது. உடனே கட்டிலிலிருந்து பதில் வந்தது. பயந்துபோய் மறுபடியும் போட்டேன். அதே இடத்தில், ராஜபாளையம், சபுரா என்றார். அந்தப் பெயரில் அங்கே யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

கேசட்டில் நான் என் பெயரைச் சொல்லவில்லை. மேலட்டையில் பாட எண் மட்டும்தான் இருக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு மாமியிடம் ஓடினேன். மச்சான், என் கணவரின் அண்ணன், அதை வாங்கி வாசித்தார். மாமி எழுந்து போய் அலமாரியிலிருந்த வெள்ளைச் சேலையை எடுத்து, என் கண்ணெதிரே இரண்டாகக் கிழித்தார்.

மச்சானும் நானும் ரயில் ஏறினோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தது அவர்தான். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அவர் கொண்டுபோய் விற்கிற துணியே தலையைச் சுற்றியிருந்தது. "வந்துட்டியா" என்றார். அல்ஹம்துலில்லாஹ். வேறென்ன சொல்ல?

பங்குனியில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் சாதாரணமாகக் கேட்டார்.

"நீ பாடம் நடத்துன அந்த ரூம்ல கம்பளிய எதுக்கு செவுத்துல தொங்க விட்டிருந்தாவ?"

மையத்தைப் பற்றி அவரிடம் யாரும் பேசியதில்லை. "யாரு சொன்னா?" என்றேன்.

"சொல்லுறதென்ன, ஒனக்கு எதுத்தாப்லதான இருந்தேன். நீ வெரல எண்ணிக்கிட்டே இருந்த. நான் அசைஞ்சேன். நாற்காலி சத்தம் போட்டுச்சு. நிமிந்து பாத்த, பொறவு குனிஞ்சிக்கிட்ட. காலுக்கடியில எதுக்குட்டி தீப்பெட்டி?"

சந்தோஷம் வரவில்லை, சகோதரிகளே. பயம்தான் வந்தது. இதற்கு விளக்கம் கேட்டு யாரிடமும் நான் போகவில்லை. அல்லாஹ்வின் ஆட்சியில் எது எங்கே இருக்கிறது என்று கணக்குக் கேட்க நான் யார்?

அதுவரை என் தொழுகை அவசரத் தொழுகை. கடைசியில் ஸலாம் கொடுத்து முடித்ததும் எழுந்து அடுப்படிக்கு ஓடுவேன். இப்போது அப்படி இல்லை. நீங்களும் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டு முடித்ததும் முஸல்லா விரிப்பை மடித்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு, விரலை எண்ணிக்கொண்டு, அப்படியே இருங்கள். எதிரே சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். நான் பயந்தேன். ஆனாலும் எண்ணுவதை நிறுத்தவில்லை.