சிவியர் என்றொரு வியாதி

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. கோடை விடுமுறையில் அறிவியல் முகாமாம். ராக்கெட் செய்யலாம், ரோபோ செய்யலாம், ஏசி அறை, மாலையில் பழச்சாறு. மகள் போனைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "நீ இந்த மாதிரி எங்கயாச்சும் போயிருக்கியாம்மா?" என்றாள். போயிருக்கிறேன் என்றேன். "ஜாலியா இருந்துச்சா?" என்றாள்.

என் வாழ்க்கையில் அந்தக் கோடையில் பயந்ததுபோல் நான் வேறெப்போதும் பயந்ததில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உண்மையில் பால் இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன.

அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே போகவேண்டிய சின்ன ஊர் எங்களுடையது. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். எங்களை மேய்ப்பதற்கு அடுத்த தெருவில் மாமா, அம்மாவின் அண்ணன். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அறிவியல் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று நேரில் காட்டுவதற்காகப் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் முகாம் நடத்தினார்கள். விடுதியிலேயே தங்க வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து என்னையும் என் வகுப்புத் தோழி கலாவையும் அனுப்பினார்கள்.

"பொம்பளப் புள்ளய அங்கிட்டு தங்கவிட்டு என்னத்த சாதிக்கப் போறீங்க?" என்று மாமா கேட்டார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, "போயிட்டு வரட்டும்ண்ணே" என்றாள். அவள் எப்போதும் எதிலாவது சாய்ந்துதான் இருப்பாள். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இரண்டு இடத்தில் இறக்கிவைப்பாள். சொந்தக்காரர்கள் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

முதல் நாளே பயம் தொடங்கிவிட்டது. விடுதி மின்விசிறி கடகடவென்று ஆடியது. என் தலைமேல்தான் விழும் என்று மூலையில் போய்ப் படுத்தேன். உயிரியல் பரிசோதனைக் கூடத்தின் வாசலிலேயே ஒரு எலும்புக்கூடு தொங்கியது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கலாவின் தாவணியைப் பிடித்துக்கொள்வேன். அந்தக் கூடத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. ஸ்பிரிட்டும் பார்மலினும் பழைய மரமேசையும் கலந்த வாசனை. மூக்கில் ஏறியதும் ஜன்னலோரம் ஓடிவிடுவேன். இன்று அதே வாசனையில்தான் எனக்குச் சோறு கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் இங்கிலீஷ். யாராவது ஏதாவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் தலையாட்டிவிடுவேன். ஒருமுறை, யாருக்கெல்லாம் தவளையை அறுக்கப் பயம் என்று கேட்டிருக்கிறார்கள். வழக்கம்போல நான் மேலும் கீழும் தலையாட்டினேன். அந்த ஒரு முறை மட்டும் என் தலையாட்டல் உண்மையைச் சொன்னது.

மண் பரிசோதித்தோம், கிணற்றுத் தண்ணீர் பரிசோதித்தோம். கொஞ்சம் பயம் தெளிந்து வந்தது. பிறகு ரத்தம் பார்க்கிற நாள் வந்தது.

அதற்கு ஒரு மிஸ் வந்தார். திருச்சிக்காரர், கல்லூரிப் பெண்போலச் சின்ன வயது. ஆஸ்பத்திரி லேபில் என்ன வேலை நடக்கிறது என்று அவர் காட்டவேண்டும். விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் இருக்கும் அமிலத்தில் விட்டால் பழுப்பாகிவிடும். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துப் பக்கத்திலுள்ள மாதிரி நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரத்தம் நல்ல கெட்டியாக இருந்தால் நிறையத் தண்ணீர் பிடிக்கும். கலாவின் குழாய் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனது. என் குழாயில் மிஸ் சில சொட்டுகள்தான் விட்டிருப்பார். கை நின்றுவிட்டது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குத்தினார். மறுபடியும் அதேதான். அவர் முகம் வெளுத்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

கல்லூரியிலிருந்து ஒரு சாரைக் கூட்டிவந்தார். இருவரும் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் "சிவியர்". மிஸ் அதை இரண்டு மூன்று தடவை சொன்னார். நிலைமை கடுமை என்பதைத்தான் இங்கிலீஷில் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியாமல், எனக்கு வந்திருக்கும் வியாதியின் பெயர் சிவியர் என்று முடிவு செய்துகொண்டேன். சிரிக்காதீர்கள். பெயரே தெரியாமல் சாவதைவிட அது கொஞ்சம் கௌரவமாகத் தோன்றியது.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பிள்ளைகள் என் டம்ளரைத் தனியாகத் தள்ளிவைத்தார்கள். கலா மட்டும் தட்டோடு வந்து ஒட்டி உட்கார்ந்தாள். "ஒட்டுவாரொட்டியா இருந்தா இந்நேரம் எனக்கு வந்திருக்கும்லடி. தின்னு" என்றாள். சோறு இறங்கவில்லை. எனக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லுவேன். பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சியைக் கடித்துத் தின்பேன். வயிற்றில் அதெல்லாம் கல்லாகக் கட்டிக்கொண்டுதான் சிவியர் வந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லாமலே செத்துவிடுவேனோ என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். கல்லூரியிலிருந்து மாமாவின் போனுக்குத் தகவல் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்த அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. கூடத்தின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா உட்காரவில்லை.

"கெளம்பு. பையை எடு" என்றார் என்னிடம்.

மிஸ் குறுக்கே வந்தார். "சார், ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். விட்டா ஆபத்து சார்." முந்தின நாள் குழாயை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சீக்குப் புடிச்ச புள்ளைன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா? நீங்களா வந்து பதில் சொல்லப் போறீங்க? ஊர்ல நாட்டு மருந்து குடுத்துக்குறோம். படிச்ச வரைக்கும் போதும்."

படிச்ச வரைக்கும் போதும். சாவுக்குப் பயந்துகொண்டிருந்த எனக்கு இது புதுப் பயம். ஆஸ்பத்திரியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. நான் அழத் தொடங்கினேன். எதற்காக முதலில் அழுவது என்று தெரியாமல் அழுதேன்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மிஸ்ஸிடம் போய்க் கையை நீட்டினாள்.

"எனக்கும் குத்துங்க."

"சரசு, ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார் மாமா.

"எம்மகளுக்கு என்னவோ அது எனக்கும் இருந்துட்டுப் போகட்டும்ண்ணே. அவ ஒண்டியா பயந்துக்கிட்டு நிக்கிறா."

மிஸ் குத்தினார். விரலை அழுத்தி அழுத்தித்தான் ஒரு சொட்டு வந்தது. குங்குமம் கரைத்த தண்ணீர்போல இருந்தது. அமிலத்தில் விட்டுக் காத்திருந்தார். தண்ணீர் சேர்ப்பதற்கு வேலையே வரவில்லை. மாதிரி நிறத்துக்கும் கீழே, வெளிறிய தேநீர் நிறத்தில் நின்றது. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிச் சாயமூற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அம்மா, "நானும் பாக்கலாமா?" என்று கேட்டாள். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"வெறும் வளையமால்ல கெடக்கு ஆத்தா. நடுவுல ஒண்ணுமே இல்லையே" என்றாள் என்னிடம்.

மிஸ் மாமாவிடம் திரும்பி, "ரத்தத்துல சத்து இல்லேன்னா அப்படித்தான் வளையமாத் தெரியும். பொண்ணைவிட இவங்களுக்குத்தான் சார் அவசரம். ஆட்டோ வரச்சொல்றேன்" என்றார். மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரத்தத்த வச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுன?" என்று கேட்டார். அம்மா ஏதோ குற்றம் செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். உடனே ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். மாமாவின் ரத்தம் அம்மாவுக்குப் பொருந்தியது. ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போகிற மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே படுத்தார்.

ரத்தம் ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு நடுக்கம் கண்டது. கட்டில் கடகடவென்று ஆடியது. பல் கிட்டிக்கொண்டது. "நர்ஸக்கா! நர்ஸக்கா!" என்று நான் கத்தியது வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். நர்ஸ் ஓடிவந்து குழாயை அடைத்தார். டாக்டரம்மா வந்து, பொருந்துகிற ரத்தம் ஏறும்போதும் சிலருக்கு இப்படி வரும் என்று சொல்லி ஊசி போட்டார். நான் அம்மாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்கழித் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தன. இந்த முகாமுக்கு வந்திருக்காவிட்டால் அம்மா வீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாவது இருந்திருப்பாளே என்று தோன்றியது. நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. அம்மா கண்ணைத் திறந்து, "சாப்டியா?" என்றாள். மாமா வராந்தாவுக்குப் போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எங்கள் இருவர் வயிற்றிலும் கொக்கிப்புழு. வெறுங்காலோடு கொல்லைக்குப் போய்வந்ததில் காலின் வழியாக ஏறி, உள்ளே உட்கார்ந்து ஆண்டுக்கணக்காக ரத்தத்தைக் குடித்திருக்கிறது. நான் அரிசியும் குச்சியும் தின்றதுகூட அந்த ரத்தக்குறைவால்தானாம். எனக்கு மாத்திரைகளே போதுமானதாக இருந்தன. அம்மாவுக்கு இன்னொரு முறை ரத்தம் ஏற்றினார்கள். ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மா குடத்தை எங்கும் இறக்காமல் வீடு வரைக்கும் கொண்டுவந்தாள். அதன்பிறகு மாமா அவளைச் சோம்பேறி என்று சொன்னதே இல்லை. "ஓடுறது யாரு ரத்தம்!" என்று தெருவெல்லாம் பெருமை பேசினார். பதினொன்றாம் வகுப்பில் என்னைச் சேர்க்க அவரேதான் வந்தார். படித்து முடித்து, இன்று திருச்சியில் ஒரு லேபில் ரத்தம் பார்க்கிறேன்.

அந்த முகாம் அதற்குப்பின் சில கோடைகள் நடந்து நின்றுபோனது. கலா கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டாள். மிஸ் கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனார் என்று கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் இப்போது வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, வாசனையே இல்லை. எங்கள் லேபிலும் நிறம் பார்க்கிற வேலை எப்போதோ போய்விட்டது. மெஷினே அளவை அச்சடித்துத் தருகிறது. குறைவாக இருந்தால் தடித்த எழுத்தில் வரும். கவரில் போட்டுக் கொடுத்துவிடுவோம். எங்கள் ஊர் இருக்கிற கீரனூர்ப் பக்கத்திலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். கவரைப் பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்புவார்கள். சிலரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வேன். கூட்டமாக இருக்கிற நாளில் அதுவும் முடியாது. அன்றைக்கு எங்கள் ரத்தத்தைப் பார்த்துப் பயப்பட ஒரு மிஸ் இருந்தார்.