டிரைவர் ஒட்டிய திரி

"அவ மூஞ்சிய நீங்க பாத்தீங்களாண்ணா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

நான் குழியை மூடி, மேட்டை மண்வெட்டியின் முதுகால் தட்டிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. வேப்பமரம் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. காக்கிச் சட்டையும் முழங்கால் வரைக்கும் சேறுமாக ஒரு ஆள் வந்து நின்றார். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இறந்த பெண்ணின் புருஷன் ஊட்டி பஸ் ஓட்டுகிறவர், மலையில் மண் சரிந்து வண்டியோடு மாட்டிக்கொண்டார் என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் பேசியதைக் கேட்டிருந்தேன். முந்தின நாள் முழுக்க அவருக்காகக் காத்திருந்தார்கள். அப்போதெல்லாம் கையில் போன் கிடையாது. டெப்போவில் கேட்டால் பாதை எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். காய்ச்சலில் போன உடம்பு, இதற்கு மேல் தாங்காது என்று அவருடைய கொழுந்தியாள் சொல்லித்தான் எடுத்தார்கள். அவர் மழையில் நடந்தே மலை இறங்கி, மேட்டுப்பாளையத்தில் காய்கறி லாரி ஒன்றைப் பிடித்து வந்து சேரும்போது நான் கடைசி மண்ணையும் போட்டு முடித்திருந்தேன்.

பார்த்தேன் என்றேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் இறக்கும் முன் பெட்டியை ஒரு தடவை திறந்து காட்டுவது வழக்கம். சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். கயிறு பிடிக்கிறவன் மூட முடியாது, பார்த்துத்தான் ஆகவேண்டும்.

"தலை வலப்பக்கமாச் சாஞ்சிருந்துச்சுங்க. உங்க கொழுந்தியாதான் நேரா எடுத்து வெச்சாங்க."

"அவ அப்படித்தாங்ணா தூங்குவா. நேரா வெக்கோணும்னு இல்லீங்க" என்றார். எனக்குத்தான் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

குழி வெட்டுகிறவனை அண்ணா என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஏப்பா என்பார்கள், இல்லாவிட்டால் கையைத் தட்டுவார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எதிரே நிற்பவன் யாரென்று எங்கே தெரியும். எங்கள் அப்பன் அந்தப் பக்கத்துச் சோளக் காடுகளில் பண்ணையாளாக இருந்தவர். காடெல்லாம் மனை மனையாகப் போன பிறகு நான் இந்த வேலைக்கு வந்தேன். துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டினாற்போல் இருந்தது கல்லறைத் தோட்டம். மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே கடப்பாரையைத் திருப்பி அடிக்கிற சுண்ணாம்புக் கல். பள்ளிக்கூடம் போகாததால் சிலுவைகளில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் பேரைவிட, எந்தக் குழியில் எவ்வளவு ஆழத்தில் கல் தட்டியது என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கும். அந்தம்மாவின் குழியில் இடுப்பளவு போகும் வரை கல்லே இல்லை.

அடுத்த கல்லறைத் திருநாளன்று காலையில், டியூட்டிக்குப் போகும் முன்னால் டிரைவர் வந்தார். தீபாவளிக் கூட்டம் முன்னே பின்னே வருகிற சமயம், மலை வண்டிக்காரர்களுக்கு லீவு கிடைக்காது. கையில் உயரமான கண்ணாடித் தம்ளர் ஒன்று இருந்தது, முக்கால்வாசி மெழுகு ஊற்றி, நடுவில் திரியோடு. சாதா மெழுகுவத்தி எங்கள் பக்கத்துக் காற்றுக்கு நிற்காது, பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று கையை வைத்து மறைத்தாலும் அணைத்துப்போடும். அதனால் வீட்டிலேயே மெழுகுவத்திகளை உடைத்து உருக்கி ஊற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அதைக் கல்லறையின் தலைமாட்டில் வைத்துப் பற்றவைத்தார்.

"சாயங்காலம் வண்டிய உட்டுப்போட்டு வர்றேனுங்க. அது வரைக்கும் எரியோணும்."

"அணைஞ்சா நான் பத்த வெச்சு உடறனுங்க, நீங்க போய்ட்டு வாங்க."

"வேண்டாமுங்ணா." அவசரமாகக் கையை ஆட்டினார். "தயவுசெஞ்சு பத்த வெச்சராதீங்க. அன்னைக்கு அவ காய்ச்சலோட வாசல்ல நின்னு போய்ட்டு வாங்கன்னு சொன்னா. நான் வர்ற வரைக்கும் இருப்பான்னுதான் போனேன். இது நானா வந்து பாக்கோணுமுங்க. நீங்க பத்த வெச்சா எனக்குப் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

நான் அப்படியே விட்டுவிட்டேன். வெயில் ஏறும்போதே மெழுகு ஆழமாக இளகி, நடுவில் நின்ற திரி ஆட ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் மெழுகிலேயே முழுகிப் போய்விட்டது. தம்ளரில் பாதி மெழுகு அப்படியே இருந்தது. தீப்பெட்டி என் மடியிலேயே இருந்தும் நான் தொடவில்லை. சாயங்காலம் எல்லாக் கல்லறையும் வெளிச்சமாக இருந்தபோது அந்த ஒன்று மட்டும் இருட்டாகக் கிடந்தது. அவர் வந்தார், எட்டிப் பார்த்தார், தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பின் வருஷா வருஷம் அந்தத் திரிதான் அவருக்கு வேலை. அவருடைய வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் மலைக்குப் போகும், வரும். கல்லறைத் திருநாளன்று திரும்பி வரும்போது வேகத்தைக் குறைப்பார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "எரியுதுங்களா?" என்று சத்தமாகக் கேட்பார். நான் கேட்டருகில் நின்று, இல்லை என்று தலையை ஆட்டுவேன். அந்த வண்டிக் கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்ணா, இந்த ஸ்டாப்புல ஏர்றவிங்களும் இல்ல, எறங்குனா திரும்பறவிங்களும் இல்ல, இங்க எதுக்குங்க ஸ்லோ பண்றீங்க?" என்று அவர் கேட்பதும், வண்டிக்குள் நாலு பேர் சிரிப்பதும் எனக்குக் கேட்கும். டிரைவரும் ஒரு தடவை சிரித்துவிட்டார். "ஊட்டுக்காரி எறங்கிட்டாளப்பா" என்றார். அதற்குப் பிறகு கண்டக்டர் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் தம்ளரின் அடியில் இரண்டு சொட்டு மெழுகு விட்டுத் திரியை நிறுத்தி, அதன் மேல் மெழுகை ஊற்றியிருந்தார். சுடச்சுட ஊற்றியதும் அடியில் விட்ட சொட்டு இளகி, திரி மேலே மிதந்துவிட்டதாம். மறு வருஷம் அவர் செய்த காரியத்தை வண்டிக்காரர்கள்தான் செய்வார்கள். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவித் திரியை ஒட்டிவிட்டார். "அரை டன் பாரத்துக்கே உடாதுங்ணா, இதா உடப் போகுது?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திரி விடவில்லைதான். நேராக நின்று எரிந்தது. ஆனால் தடித் திரி, மெழுகைச் சீக்கிரம் குடித்துவிட்டது. சாயங்காலத்துக்கு முன்பே நெருப்பு அடியைத் தொட்டுச் சொல்யூஷனில் பிடித்தது. படக்கென்று தம்ளர் வெடித்த சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் காகித மாலை எரிந்து, மரச் சிலுவையில் தீ ஏறிவிட்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். சிலுவையில் அந்தம்மாவின் பேர் இருந்த இடம் கரியாகிவிட்டது. அன்று வண்டி வந்தபோது எரிகிறதா என்று கேட்டவருக்கு என்ன சைகை காட்டுவதென்று தெரியாமல் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

வந்து பார்த்தவர் கரியை விரலால் தடவினார். "காய்ச்சல்ல வெந்தவள, செத்ததுக்கு அப்பறமும் நெருப்புல வெக்கறேன் பாருங்க" என்றார். நான் அதுவரை அவர் அழுது பார்த்ததில்லை. அன்றைக்கும் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

புதுச் சிலுவை நடும்போது கூடவே நின்றார். நான் குழியில் முதலில் ஜல்லியைப் போட்டுக் கெட்டித்து, அதன் மேல் மரத்தை நிறுத்தினேன்.

"மேல எவ்வளவு மண்ணப் போட்டு மிதிச்சாலும் நிக்காதுங்க. அடில இறுக்கிப்போட்டா மேல தானா நிக்கும்" என்றேன். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். அவர் குனிந்து அந்த ஜல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திருநாளுக்கு அவர் கொண்டுவந்த தம்ளரைத் தூக்கி அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். வண்டியில் கழற்றிப்போட்ட சின்ன நட்டு ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. அதன் ஓட்டைக்குள் மெல்லிசான திரியை விட்டு, அடியில் வந்த நூலைப் பிரித்துப் பரப்பி, தண்ணீர்க் குழாய் ஒழுகினால் பிசைந்து அப்புவார்களே, கல் மாதிரி இறுகுகிற அந்தப் பசையால் கண்ணாடியோடு ஒட்டியிருந்தார். இரண்டு நாள் காயவிட்டு, மேலே ஈர்க்குச்சியில் திரியை இழுத்துக் கட்டிக்கொண்டு மெழுகை ஊற்றினாராம். நட்டின் உயரத்துக்கு மேலேயே நெருப்பு நின்றுவிடும், கண்ணாடியைத் தொடாது என்றார். முகம் சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அப்படி வந்ததில்லை.

அன்றைக்கு நான் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. போய்ப் போய்ப் பார்த்தேன். மெழுகு இளகியது, திரி ஆடவில்லை. மத்தியானம் தாண்டியது. சனங்கள் பூவும் ஊதுபத்தியுமாக வர ஆரம்பித்தார்கள். ஃபாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். ரோட்டில் ஊட்டி வண்டி தெரிந்ததும் நான் நடு வாசலுக்கே ஓடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டே போனார். பூ விற்கிற பெண் "வண்டிக்காரனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று காதைப் பொத்தினாள்.

காக்கிச் சட்டையோடேயே வந்து சேர்ந்தார். தம்ளரில் ஒரு விரல் மெழுகு மிச்சம் இருந்தது, சுடர் நேராக நின்றது.

"ஜெயிச்சுப்போட்டீங்க டிரைவருங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். சனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கேட்டைச் சாத்துகிற நேரம் வந்துவிட்டது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பாத்துட்டீங்கல்லங்க? கெளம்பலாமுங்களா?"

"பாக்கறதுக்கு மட்டும் வரலீங்ணா. அன்னைக்கு அவ போறப்ப நான் கூட இல்ல. இது போறப்பவாவது இருக்கோணும்."

கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். மெழுகு நட்டின் விளிம்புக்கு இறங்கியது. சுடர் சின்னதாகி, நீலமாகி, சாயாமலே, நின்றபடியே போய்விட்டது. அவர் உள்ளங்கையை அந்தத் தம்ளரின் மேல் வைத்தார். சுட்டிருக்கும். ஆனால் எடுக்கவில்லை. நான் இரண்டு பீடி பிடித்து முடிக்கும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்.

"சூடு போயிருச்சுங்க" என்றார் கடைசியில். எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் மெழுகு ஊற்றவில்லை. அடுத்த வருஷம் கோபிசெட்டிபாளையம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அவருடைய ஊர் அங்கேதான். பிள்ளை குட்டி கிடையாது. அந்தத் தம்ளர் கொஞ்ச நாள் கல்லறையில் கிடந்தது, பிறகு காணோம். எனக்கும் வயதாகி, முதுகு வளைந்து, வேலையை விட்டுவிட்டேன். இப்போது அங்கே குழியை மிஷின் வந்து தோண்டுகிறது. கல் தட்டினால்கூட யாருக்கும் தெரியாது.

போன மாதம் துடியலூர் டீக்கடையில் அந்தப் பழைய கண்டக்டரைப் பார்த்தேன். அவரும் ரிட்டையர் ஆகித் தலையெல்லாம் வெளுத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"நம்ம டிரைவரண்ணன் போய்ச் சேர்ந்துட்டாருங்க. தெரியுமுங்களா?"

"கூட யாரு இருந்தாங்க?"

"யாரு இருக்கறா, ஒத்த ஆளுதானுங்களே. காலைல பால்காரன் வந்து கதவத் தட்டித்தான் பாத்திருக்கான்."

நான் டீயை வைத்துவிட்டேன். "அவன் பாக்கறப்ப ஒடம்புல சூடு இருந்துச்சாமுங்களா?"

கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அதையெல்லாம் யாருங்க தொட்டுப் பாத்தா?" என்றார்.