வெளுத்த மோதிரம்

நேற்று எனக்குக் காய்ச்சல். மருந்துக்கடையில் வாங்கி வந்த தெர்மாமீட்டரை வாயில் வைப்பதற்கு முன் நன்றாக உதறினேன். மகள் சிரித்தாள். "இது பேட்டரிம்மா, உதறுகதுக்கு ஒண்ணும் இல்ல." பாதரசம் இல்லை என்று தெரிந்தும் கை கேட்கவில்லை. பாதரசம் என்றாலே எனக்கு ஒரு பழைய பயம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் தனிமங்களின் பண்புகள் நடத்தினேன். பாதரசம் உலோகமாக இருந்தும் ஓடும், கையை நனைக்காது. இதெல்லாம் இயற்பியல் பண்பு. இன்னொன்றோடு சேர்ந்து வேறொன்றாக மாறுமா, மாறாதா என்பது வேதியியல் பண்பு. "தங்கத்தைப் பாருங்க, காத்தோடயும் சேராது, தண்ணியோடயும் சேராது" என்று என் நிச்சய மோதிரத்தை வேறு ஆட்டிக் காட்டினேன். புது மோதிரம் அல்லவா, கை தானாகவே உயர்ந்தது. பிறகு குப்பியிலிருந்து கொஞ்சம் பாதரசத்தை அதே கையின் உள்ளங்கையில் ஊற்றி உருட்டினேன். அந்தக் காலத்தில் பல டீச்சர்கள் செய்ததுதான், திட்டாதீர்கள்.

"டீச்சர், மோதிரம் வெள்ளியாயிட்டு!"

துடைத்தேன், சோப்புப் போட்டேன், போகவில்லை. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதை ஓலை என்போம். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது அந்த ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையின் அம்மாவும் வருவார். அவர்கள் போட்ட பொன்னை நாங்கள் மாற்றிவிட்டோம் என்பார்களோ, கல்யாணமே நின்றுவிடுமோ என்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வீட்டில் சொல்லாமல் கோட்டாறுக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலே இல்லாத ஒரு நகைப் பட்டறை. ஆசாரி மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார். "ரசம் பிடிச்சிருக்கு. பொன்னு எங்கயும் போவல்ல மக்கா, சூடு காட்டினா ரசம் பறந்திரும்." கரியை ஊதியவர் வாசலைக் காட்டினார். "நீ வெளிய நில்லு. கல்யாணம் ஆகப்போற பிள்ள, இந்தப் புகை ஆவாது."

பாதரசம் எத்தனை டிகிரியில் ஆவியாகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஆவி விஷம் என்பதும் தெரியும். "அண்ணாச்சி, வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். வேலையை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். உள்ளே அவர் இருமுவது கேட்டது. மோதிரம் மஞ்சளாகத் திரும்பி வந்தது.

இன்று பள்ளியில் பாதரசக் குப்பி இல்லை. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். ஆசாரியைப் பற்றி விசாரிக்க இரண்டு முறை போனேன். என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் கேட்காமலே திரும்பிவிட்டேன். மோதிரம் இன்னும் என் விரலில்தான் இருக்கிறது. ஒரு பொட்டுக் கறைகூட இல்லை.