தேங்காய்க்காரர் கார்த்திகேசுவின் வலது கால்

லாரி நின்றதும் புஷ்பவள்ளி குதித்து இறங்கி, இருக்கைக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாள். அதன் பிறகுதான் கார்த்திகேசு பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். கைப்பிரேக் செத்து எத்தனையோ காலமாகிறது. சந்தையில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர், தீவின் மறுபக்கத்துப் பாலேக் பூலாவிலிருந்து சொந்த லாரியில் காய் ஏற்றி வருபவர், ஒரு கைப்பிரேக்கை மாற்றக் கூடாதா என்று யாராவது கேட்டால், "கட்ட இருக்கு, பொண்டாட்டி இருக்கா, அப்புறம் எதுக்குலா பிரேக்கு?" என்பார்.

வாங்க வருகிறவர்கள் தேங்காயைத் தொட அவர் விடமாட்டார். அவரே எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்து, "இது கறிக்கு, இது சாமிக்கு" என்று பிரித்துக் கொடுப்பார். சாமிக்கு உடைப்பது என்றால் அவருக்குத் தனிக் குஷி. தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும் தெருவில் கார்த்திகேசு தேங்காய் உடைப்பதைப் பார்க்கக் கூட்டம் ஒதுங்கி வழி விடும். வலது காலைப் பின்னால் வீசி ஊன்றுவார். உடம்பு வில்லாக வளையும். தலைக்கு மேலே போன காய் தரையில் வந்து விழும்போது சில்லுகூட மிஞ்சாது. ரதம் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். மறுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

அந்த வலது காலின் இடுப்பு மூட்டுதான் தேய்ந்து போயிற்று. லாரியிலிருந்து இறங்க, காலை இரண்டு கையாலும் மூட்டையைப் போலத் தூக்கி வெளியே வைக்க வேண்டியதாயிற்று. வலி தாங்காமல் ஒருநாள் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டார்: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், வருகிற தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் தன் கையாலேயே குனிந்து எடுத்துத் தேங்காய் உடைப்பதாக. வேண்டிய பிறகுதான் டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டரோ, செயற்கை மூட்டு வைத்த பிறகு குனியவே கூடாது, தாழ்வான நாற்காலியில் உட்காரவும் கூடாது என்றார். கார்த்திகேசு சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"எவனாச்சும் இப்புடி வேண்டுவானா? மொட்ட போடுறேன்னு வேண்டியிருந்தா இந்நேரம் கால் நல்லாயிருக்கும்லா," என்று புஷ்பவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தம்பி ராமதாஸ், மாமாவுக்குப் பதிலாகத் தானே உடைத்துவிடுவதாகச் சொன்னான். "சாமிகிட்ட எம்பேருல பேசினது நானு. நீ யாரு, என் லாயரா?" என்று அவன் வாயை அடைத்தார்.

வழி காட்டியவர் அப்துல் ரசாக். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்துகிறவர். குழம்புக்குக் கார்த்திகேசுவிடம்தான் தேங்காய் வாங்குவார். "பிரான்ஸ்ல படிச்சிட்டு வந்த ஒருத்தரு இருக்காருண்ணே. எங்க மாமிக்கு இடுப்புல முன்பக்கமாவே கீறுனாரு. மாமி இப்ப தரையில உக்காந்து வெங்காயம் உரிக்குது."

அந்த டாக்டர் தியாகராஜா யாழ்ப்பாணத்துக் குடும்பம். பேச்சில் அது மாறவில்லை. "ஆளை மல்லாக்கப் படுக்க வச்சு முன்பக்கத்தால போவன். தசையை வெட்டுறதில்லை, விலக்கிப்போட்டு உள்ளுக்கை போறது. பிறகு நீங்கள் குனியலாம்." கார்த்திகேசுவின் முகம் மலர்ந்தது. "ஆனா ஒண்டு. காலைப் பின்னால விட்டு, பாதத்தை வெளியில திருப்பி, உடம்பைப் பின்னுக்கு வளைக்கக் கூடாது. வளைச்சா மூட்டு கழண்டுபோம்."

கார்த்திகேசு கூரையைப் பார்த்தார். "இவரு தேங்கா உடைக்கிறதே அப்புடித்தான் டாக்டர்," என்றாள் புஷ்பவள்ளி. தியாகராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "அப்ப வேறமாதிரி உடையுங்கோ."

தீபாவளி கழிந்ததும் ஆபரேஷன் நடந்தது, குறையில்லாமல் நடந்தது. கைத்தடியோடு கடைக்குத் திரும்பியவர் வியாபாரத்தைவிட விளக்கத்தில்தான் மும்முரமாக இருந்தார். பாதிச் சிரட்டையில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிக் காட்டி, "இதான் மூட்டு. மத்தவங்க பின் வாசல் வழியா வருவாங்க. எங்காளு முன் வாசல்ல நொழைஞ்சாரு," என்பார். பக்கத்துக் கடைக்கு எலுமிச்சம்பழம் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

வீட்டுக் கொல்லையில் நடந்த ஒத்திகைதான் சிரிப்பாகிவிட்டது. காலைச் சேர்த்து வைத்து வீசினால் காய் உடையாமல் உருண்டு சாக்கடையில் விழுந்தது. காலைக் கொஞ்சம் அகட்டினால், கேட்காமலே வலது குதிகால் பின்னால் நகர்ந்தது. வருஷக்கணக்கில் பழகிய கால், டாக்டர் சொன்னது அதற்கு எங்கே தெரியும்? சிரித்துக்கொண்டே இருந்தவர், ஒரு மாலை உடையாத காயைக் கையில் வைத்துக்கொண்டு, "சாமி முன்னாடி இப்புடி உருண்டுச்சுன்னா என்னால தாங்க முடியாது வள்ளி," என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சாக்கடையிலிருந்து காய்களைப் பொறுக்கினாள்.

ரதம் வந்த காலையில் தெருவில் தேங்காய்கள் குவிந்து கிடந்தன. மேளம் நெருங்கியது. கைத்தடியை ராமதாஸிடம் நீட்டிவிட்டுக் கார்த்திகேசு குனிந்தார், நன்றாகவே குனிந்தார். காயை எடுத்துக் காதோரம் ஆட்டிவிட்டுத் தலைக்கு மேலே கொண்டு போனார். கூட்டம் விலகியது. கூட்டத்தைக் கண்டதும் வலது குதிகால் தன் பாட்டுக்குப் பின்னால் நழுவத் தொடங்கியது.

நழுவிய கால் எதிலோ முட்டி நின்றது. திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, புஷ்பவள்ளி தன் பாதத்தைக் குறுக்காக வைத்து அவர் குதிகாலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பிடிப்பில் கார்த்திகேசு முன்னால் குனிந்து ஓங்கி அடித்தார். காய் சிதறி, தேங்காய்த் தண்ணீர் இரண்டு பேர் காலிலும் தெறித்தது. அடுத்த காய்க்குக் குனிந்தார். புஷ்பவள்ளி ரதத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதத்தை மட்டும் எடுக்கவில்லை.