துபாயிலிருந்து வந்த மடி

தங்கை மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும் முதலில் கிளம்பிய பேச்சு, பிள்ளையை யார் மடியில் உட்காரவைப்பது என்பதுதான். தாய்மாமன் மடி வேண்டும். எங்களுக்கோ கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. நானும் அவளும் மட்டும்தான். பேரையூரில் இருக்கும் பெரியப்பா மகன் உட்காரட்டும் என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

துபாயில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அந்த அண்ணனையே போனில் பிடித்தேன்.

"என் மடியில வச்சுத்தான்ணே குத்தணும்."

"பொம்பள மடியில வச்சு எவன் காது குத்துவான்? அதுவும் அம்புட்டுத் தொலவுல இருந்து நீ வந்து சேர்றதுக்குள்ள முகூர்த்தமே போயிரும்."

"நாலு மணி நேரம்ணே. ஏறி உக்காந்தா மதுரை."

அவர் விடவில்லை. விமானம் புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் என்னிடமே கேட்டுக் கழித்துப் பார்த்து, ஐந்தரை மணி நேரம் என்றார். இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கே தூரம் சொல்லித்தருகிறார். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் தங்கை பதினோரு நாள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பேரையூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். ஒரு நாள்கூட அவர் எட்டிப் பார்க்கவில்லை. நான் மறுநாளே வந்து நின்றேன்.

இந்த முறை லீவு இரண்டே நாள்தான் கிடைத்தது. அதனால் விசேஷத்தன்று காலையில்தான் இறங்க முடியும். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. விமானம் வானத்தில் சொன்னபடி நாலு மணி நேரம்தான் பறந்தது. புறப்படாமல் தரையில் நின்ற இரண்டு மணி நேரம்தான் என் உயிரை எடுத்தது.

மதுரையில் இறங்கியதும் தங்கையைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அண்ணன் பாயில உக்காந்துட்டாக. ஆசாரியும் ஊசிய எடுத்துட்டாரு."

"பிள்ளையக் குடுத்துராத."

"குடுக்க மாட்டேன். நீ வா."

யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசி அறியாதவள் அவள்.

டாக்சி திருமங்கலம் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால் தாண்டியிருந்தது. அண்ணன் வெறும் மடியோடு பாயில் உட்கார்ந்திருந்தார். தங்கை பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள். கேட்டவர்களுக்கெல்லாம், "எங்கக்கா வருது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். விமானத்தில் கசங்கிய சுடிதாரோடு நானும் அதே பாயில் சம்மணம் போட்டேன்.

"ஊரு சிரிக்கும்" என்றார் அண்ணன்.

"சிரிக்கட்டும்ணே. பசியோட வந்தவுக சிரிச்சுட்டுச் சாப்பிட்டுப் போகட்டும்."

தங்கை பிள்ளையை என் மடியில் இறக்கினாள். ஆசாரி அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குத்தினார். பிள்ளை வீறிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டது. அதன் தலையை அணைத்துப் பிடித்தபடி நானும் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

பந்தியில் ஆசாரி என் பக்கத்து இலை.

"துபாயில இருந்தாம்மா வாரீக? எம்புட்டு நேரமாகும்?"

"நாலு மணி நேரம்ணே. பேரையூரவிடப் பக்கம்."

எதிர் வரிசையில் அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.